மலையடிவார வீட்டுக்கு ஒரு ரிவால்வர்

கொலராடோவில் டென்வருக்கு மேற்கே, ராக்கி மலைத்தொடர் எழும்பத் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. அடுத்த வீட்டில் யாராவது கத்தினால் எங்களுக்குக் கேட்காது; நாங்கள் கத்தினாலும் அப்படித்தான். பனிக்கால இரவில் ஷெரிஃபின் (உள்ளூர்க் காவல் தலைவர்) வண்டி வந்து சேர அரைமணி நேரம் ஆகலாம் என்று வீட்டை விற்றவரே சொல்லியிருந்தார். இலையுதிர்காலத்தில் கருங்கரடிகள் காரின் கதவுக் கைப்பிடியை இழுத்துத் திறந்து, உள்ளே கிடக்கும் பிஸ்கட்டுக்காக இருக்கையைக் கிழித்துப் போடும். மலைச் சிங்கமும் (பூமா) உண்டு. வார இறுதிகளில் நாங்கள் மலைப்பாதைகளில் நடப்பவர்கள். ஆக, வீட்டுக்கும் காட்டுக்கும் பொதுவாக ஒரு ரிவால்வர் வாங்கலாம் என்ற யோசனையில்தான் தொடங்கினோம்.

முதல் கேள்வி, வாங்க முடியுமா என்பது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்குவதும் வைத்திருப்பதும் அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த வழியாக வாங்கியவர்களும் இருக்கிறார்கள். குடியேற்றக் கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கும்போது இப்படியொரு விலக்கை நம்பி இறங்க எனக்கு மனம் வரவில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்தபின் அந்தத் தடை விலகியது. 21 வயது நிறைந்த, அந்த மாநிலத்தில் குடியிருக்கிற நிரந்தரக் குடியிருப்பாளர், குற்றப் பின்னணி இல்லாதவர் என்றால் கடைக்குப் போகலாம். நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. இங்கே கொலராடோவில் ரிவால்வர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள உரிமம் என்று ஒன்று தேவைப்படவில்லை. மறைத்து எடுத்துச் செல்வதற்குத்தான் ஷெரிஃபிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

பிஸ்டல் வேண்டாம், ரிவால்வர்தான் என்று முடிவு செய்ததற்குக் காரணம் மனைவி. பிஸ்டலின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா ஏற்றுவதற்கு விரலில் வலு வேண்டும், பழக்கமும் வேண்டும். ரிவால்வரில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரைத் திறந்தால் ஆறு குழிகள். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். குறையும் இருக்கிறது. ஆறோ ஏழோதான் கொள்ளும், மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும், விசை கடினம். வருடத்துக்குச் சில முறை மட்டும் பயிற்சிக்குப் போகக்கூடிய குடும்பத்துக்கு அந்தக் குறைகள் தாங்கக்கூடியவை என்பது என் கணக்கு.

முதலில் ஏறிய கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மனைவியைப் பார்த்ததும் விற்பனையாளர், கேள்வி எதுவும் கேட்காமலே, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழலுடைய அலுமினியச் சட்டக ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். ஊதா நிறப் பிடி வேறு. பெண்களுக்கு இதுதான் தோது, கைப்பையில் அடங்கும் என்றார். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. கடைமேசையில் கையில் வைத்துப் பார்க்கும்போது அது நன்றாகத்தான் இருந்தது. சுட்டுப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டு வெளியேறினோம்.

இங்கே உள்ளரங்கச் சுடுதளங்கள் பலவற்றில் துப்பாக்கியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். தோட்டா மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். நாங்கள் போன இடத்தில் சொந்தத் துப்பாக்கி இல்லாமல் தனியாக வருகிறவருக்கு வாடகைக்குத் தர மாட்டார்கள். துணைக்கு ஒருவர் வர வேண்டும். காரணம் கேட்டேன். தற்கொலை என்றார் பயிற்றுநர். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகளே. வீட்டில் துப்பாக்கி வைக்க நினைப்பவர்கள் திருடனைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு இதை யோசிப்பதில்லை.

அந்தச் சின்ன ரிவால்வரின் ரகத்தையே முதலில் எடுத்தோம். மனைவி .38 ஸ்பெஷல் தோட்டாவை ஏற்றிச் சுட்டார். ஐந்தையும் முடிக்கவில்லை, மூன்றாவதோடு கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையைத் தேய்த்துக்கொண்டார். துப்பாக்கி இலேசாக இருந்தால் உதை முழுவதும் கைக்குத்தான் வரும். இதே எடையில், .38-ஐவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவைச் சுடும் ரகமும் இருக்கிறது. அதை நான் சுட்டேன். ஒன்று போதும் என்றிருந்தது. போதாக்குறைக்கு, குட்டைக் குழலில் காலித் தோட்டாவை வெளித்தள்ளும் கம்பியும் குட்டை. கவிழ்த்துத் தட்டினாலும் ஓரிரண்டு உறைகள் உள்ளேயே தொற்றிக்கொண்டு நின்றன.

அடுத்து எடுத்தவை இரண்டும் எஃகில் செய்த, நான்கு அங்குலக் குழலை ஒட்டிய .357 ரகங்கள்: ஸ்மித் அண்ட் வெசன் 686, ரூகர் ஜிபி100. ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டும். இந்த .357-இன் வசதி என்னவென்றால், .38 ஸ்பெஷல் தோட்டாவையும் அதிலேயே சுடலாம். இரண்டிலும் குண்டின் குறுக்களவு ஒன்றுதான். 1935-இல் மேக்னம் வந்தபோது உறையை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளமாக்கிவிட்டார்கள், பழைய .38 துப்பாக்கியில் தவறுதலாக அதை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக. ஆக, பெரியதில் சிறியது நுழையும், சிறியதில் பெரியது நுழையாது.

ஜிபி100-ல் .38 ஏற்றி மனைவி சுட்டபோது, இவ்வளவுதானா என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். கடையில் கனமாகத் தெரிந்த எடை இங்கே உதையை வாங்கிக்கொண்டது. 686-இன் விசை அதைவிட வழவழப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் விரல் குட்டை. ரூகரின் பிடியில்தான் விரலின் நடுச்சதை விசையில் சரியாகப் படிந்தது. 686-இல் சிலிண்டர் திறப்புக்கு மேலே சாவியால் பூட்டும் சிறு துவாரம் ஒன்று இருக்கிறது. அது பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அது பொருட்டாகவே படவில்லை.

பயிற்றுநர் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருந்தார். துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் விசை இலகுவாகிவிடும், குறியும் நன்றாக விழும். ஆனால் பதற்றத்தில் இருக்கிறவன் கையில் அப்படி இழுத்து வைத்த துப்பாக்கி, தொட்டாலே வெடிக்கும். வீட்டுக்கு என்றால் விசையை முழு நீளமும் இழுத்துச் சுடவே பழகுங்கள் என்றார். இரண்டாவது, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே தெரியும் இடைவெளி. ஒரு காகிதத்தைப் பிடித்துக் காட்டினார். சுட்டதும் அந்தக் காகிதம் ஓரத்தில் கருகிக் கிழிந்திருந்தது. பிஸ்டல் பிடித்துப் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்பார்கள். மேக்னம் தோட்டாவாக இருந்தால் அங்கிருந்து பீறிடும் வாயு சதையைப் பிய்த்துவிடும்.

காட்டு விஷயத்தில்தான் எங்கள் யோசனை மாறியது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எஃகை இடுப்பில் தொங்கவிட்டு ஏற்றத்தில் நடப்பது ஒரு பக்கம். கொலராடோவில் இப்போது இருப்பவை கருங்கரடிகள். கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி கடைசியாக இங்கே கொல்லப்பட்டது 1979-இல். கருங்கரடி பெரும்பாலும் சத்தம் போட்டால் விலகிப் போய்விடும். போகாமல் நெருங்கினாலும், பாய்ந்து வருகிற விலங்கைக் கைத்துப்பாக்கியால் அடித்து நிறுத்த நான் யார்? அலாஸ்காவில் நடந்த கரடிச் சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மிளகாய்ச் சாறு ஸ்ப்ரே அடிக்கப்பட்ட பழுப்புக் கரடிகளில் 92 சதவீதமானவை தங்கள் போக்கை நிறுத்திக்கொண்டதாக இருக்கிறது. ஸ்ப்ரேக்குக் குறி பார்க்க வேண்டாம். மேகம்போல் பரப்பினால் போதும். எடை முந்நூறு, நானூறு கிராம். ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கி வைத்திருக்க 2010 பிப்ரவரி முதல் அனுமதி உண்டு, ஆனால் சுடக் கூடாது, பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகவும் கூடாது. வண்டியில் விட்டுச் செல்வதென்றால், 2025 ஜனவரி முதல் கொலராடோவில் பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள், வெளியே தெரியாமல் வைத்து, வண்டியையும் பூட்ட வேண்டும். ஒரு நாள் நடைக்கு இத்தனை ஏற்பாடா என்று அலுத்துப்போய், காட்டுக்கு ஸ்ப்ரே, வீட்டுக்கு ரிவால்வர் என்று பிரித்துவிட்டோம்.

பிரித்த பிறகு தேர்வு எளிதாகிவிட்டது. இடுப்பில் சுமக்க வேண்டாம் என்றால் எடை கூடுதலாக இருப்பதே நல்லது. ஜிபி100 என்று முடிவானது.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்த சமயம் அது. அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல், பழகிய கால்களோடு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பவர். அரைத்தூக்கத்தில் அந்தக் காலடிச் சத்தம் எனக்குப் பலமுறை திருடனாகவே கேட்டிருக்கிறது. துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே நடைவழியில் ஆள் அசைந்தால் எரியும் விளக்குகளைப் பொருத்தினேன். படுக்கையருகே நல்ல டார்ச் ஒன்றும் வைத்தேன். முகம் தெரியாத உருவத்தை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

சுவர்களையும் பார்த்தேன். இங்குள்ள வீட்டுச் சுவர் மரச்சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை அடித்தது. நம் ஊர்ச் செங்கல் சுவரல்ல. .38 குண்டே அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். மேக்னத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூடத்திலிருந்து சமையலறையைப் பார்த்து நின்றால், நேர்க்கோட்டில் அதற்குப் பின்னால் மகளின் அறை. ஆகவே யாராவது நுழைந்தால் தேடிக்கொண்டு போவதில்லை. எல்லோரும் மகளின் அறையில் கூடி, கதவைத் தாழிட்டு, 911-ஐ அழைத்துவிட்டு, கதவை நோக்கிக் காத்திருப்பது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவரிடமிருந்து தற்காத்துக்கொள்ளக் கொலராடோவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமாகவே இடம் தருகிறது. ஆனால் அது வாசலுக்கு உள்ளேதான், முற்றத்தில் நிற்பவனுக்கு அல்ல.

வாங்குவது அலுப்பான காகித வேலை. 4473 என்ற மத்தியப் படிவத்தில் பெயர், பிறந்த இடம், எந்த நாட்டுக் குடிமகன், குடியேற்றத் துறை கொடுத்த எண் எல்லாம் எழுத வேண்டும். அடையாள அட்டையில் இருக்கும் முகவரி இப்போதைய முகவரியாக இருக்க வேண்டும். புதுவீட்டுக்கு வந்தவர்கள் ஓட்டுநர் உரிமத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். உனக்காகவே வாங்குகிறாயா, வேறொருவருக்காகவா என்பது முக்கியமான கேள்வி. பிறருக்காக வாங்கிப் பொய் சொன்னால் சிறை. இன்னொரு கேள்வி கொலராடோக்காரர்களைச் சங்கடப்படுத்தும். கஞ்சா இந்த மாநிலத்தில் கடையில் விற்கிறது. மத்திய அரசுக்கோ அது இன்னும் சட்டவிரோதம். மாநிலம் அனுமதித்தாலும் எங்களுக்குக் கணக்கில்லை என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

பின்னணிச் சோதனையை இங்கே மாநிலப் புலனாய்வுத் துறை செய்கிறது. அது விரைவில் முடிந்தாலும் 2023 அக்டோபர் முதல் குறைந்தது மூன்று நாள் காத்திருக்க வேண்டும். விலை ஆயிரம் டாலரை ஒட்டி வந்தது. 2025 ஏப்ரலில் வந்த 6.5 சதவீதக் கலால் வரியைக் கடைக்காரர் ரசீதில் தனியாகக் காட்டி, ஒரு பெருமூச்சும் விட்டார். பூட்டும் சாதனம் ஒன்றைத் துப்பாக்கியோடு கொடுப்பது அவருடைய கடமை. சிறுவர் கைக்கு எட்டாமல் வைப்பது 2021 சட்டப்படி என் கடமை. அந்தக் கம்பிப் பூட்டை மட்டும் நம்பாமல், பொத்தான் எண்களால் திறக்கும் பெட்டகம் ஒன்றை அலமாரிக்குள் மரச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். விரல்ரேகைப் பெட்டகத்தைத் தவிர்த்தேன். குளிரில் வெடித்த என் விரலைக் கைப்பேசியே அடையாளம் காண்பதில்லை.

பயிற்சிக்கு .38 மட்டும்தான். ஒரு தோட்டா அரை டாலருக்குக் குறையாது, மேக்னம் இன்னும் அதிகம். .38-ஐயே சுட்டுக்கொண்டிருந்தால், அதன் குட்டை உறை முடியும் இடத்தில் சிலிண்டர் குழிக்குள் கரி வளையமாகப் படியும். அப்புறம் நீளமான .357 உள்ளே முழுதாக இறங்காது. பித்தளைப் பிரஷ்ஷால் ஆறு குழிகளையும் தேய்ப்பது என் வேலை. குறி பார்ப்பதில் மனைவி என்னை எப்போதோ தாண்டிவிட்டார்.

மொன்டானாவுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போகும் நண்பர் ஒருவர், அங்கே கிரிஸ்லி இருக்கிறதே, உன் .357-ஐக் கொஞ்ச நாள் கொடு என்று கேட்டார். கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். விமானத்தில் அதை ஏற்றவிட மாட்டார்கள் என்பதால் இறங்குகிற ஊரில் வாங்கச் சொன்னேன்.