27.8 பாகை

ஏப்ரல் 8

நகலெடுக்க வேண்டிய பழுதான பழைய வன்தட்டை யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு இணைத்தபோது அதன் வெப்பநிலை எங்கும் தென்படவில்லை. ஆகவே மேசைக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, தாய்ப்பலகையின் சாட்டா இணைப்பில் நேரே செருகினேன். லினக்ஸ் கருவின் 5.6 பதிப்பு முதல் வரும் ‘டிரைவ்டெம்ப்’ என்ற இயக்கியைக் கையால் ஏற்றியதும், உணரிகளின் அளவுகள் கோப்புகளாகத் தெரியும் எச்டபிள்யூமொன் அடைவுக்குள் புதிதாக ஓர் உள்ளடைவு முளைத்தது. அதன் எண் 4. உள்ளே ‘டெம்ப்1_இன்புட்’ என்ற கோப்பைத் திறந்தால் 46000 என்று ஒரே ஓர் எண். பாகையை ஆயிரத்தால் பெருக்கி எழுதுவது அங்குள்ள வழக்கம். அதாவது 46 பாகை. நகலெடுப்பு தொடங்கிப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 9

பதினான்கு வரியில் ஒரு நிரல் எழுதினேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பைப் படிக்கும், ஆயிரத்தால் வகுக்கும், நேரத்துடன் ஒரு வரி எழுதி வைக்கும். 50 பாகையைத் தாண்டினால், நகலெடுக்கும் மென்பொருளான டிடிரெஸ்கியூவை நிறுத்தும். 42 ஆக இறங்கிய பின் மீண்டும் தொடக்கும். எதுவரை படித்தாயிற்று, எந்தத் துண்டு கெட்டது என்பதையெல்லாம் டிடிரெஸ்கியூ ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், எத்தனை முறை நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அக்கா கனடாவிலிருந்து அழைத்து, அந்தக் கோப்புறை வந்துவிட்டதா என்று கேட்டாள். நான் கோப்புகளை அல்ல, வட்டின் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை அப்படியே எடுக்கிறேன் என்றும், முடியும்வரை எந்தக் கோப்புறையும் கண்ணுக்குத் தெரியாது என்றும் மூன்றாம் முறையாக விளக்கினேன்.

ஏப்ரல் 10

47, 49, 50, நிறுத்தம், 42. நாள் முழுவதும் இதுதான்.

ஏப்ரல் 11

மாலையில் மின்சாரம் போய் ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தது. மறுபடியும் கையால் ஏற்றும் வேலை வேண்டாமென்று, கணினி தொடங்கும்போதே டிரைவ்டெம்ப் ஏறும்படி செய்துவிட்டேன். நகலெடுப்பு இரவு முழுவதும் ஒருமுறையேனும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 12

நிம்மதியாகத் தூங்கியிருக்கக் கூடாது. காலையில் பதிவைப் பார்த்தால் வரிக்கு வரி 27.8, 27.8, 27.8. கொழும்பின் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், கடற்காற்றும் நுழையாத இந்த அறையில், ஏப்ரல் மாதத்தில், ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டு 27.8 பாகையில் இருக்கவே முடியாது. சுவர்கூட அதைவிடச் சூடாக இருக்கும். வட்டின் மேல் கை வைத்தேன், உடனே எடுத்துக்கொண்டேன். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை கொண்டு வட்டையே நேராகக் கேட்டபோது, வெப்பநிலையைக் குறிக்கும் 194 ஆம் பண்பில் 57 என்று இருந்தது.

எச்டபிள்யூமொன் எண்கள் நிலையானவை அல்ல. இயக்கிகள் எந்த வரிசையில் ஏறுகின்றனவோ அந்த வரிசையில் எண் கிடைக்கிறது. முன்பு கடைசியாகக் கையால் ஏற்றிய டிரைவ்டெம்ப்புக்கு 4 கிடைத்தது. நேற்று அது முந்திக்கொண்டு 1 ஆகிவிட, 4 ஆம் இடத்தில் தாய்ப்பலகையின் ‘ஏசிபிஐடிசட்’ என்ற வெப்ப உணரி வந்து உட்கார்ந்திருக்கிறது. சில தாய்ப்பலகைகளில் அது எதையும் அளப்பதில்லை, எழுதிவைத்த ஓர் எண்ணையே எப்போதும் சொல்லும். என் நிரல் இரவெல்லாம் அதை நம்பியிருக்கிறது. ஒவ்வோர் உள்ளடைவிலும் ‘நேம்’ என்ற கோப்பு உண்டு. அதைப் படித்து, ‘டிரைவ்டெம்ப்’ என்றிருந்தால் மட்டும் எடுத்துக்கொள் என்று எழுத எனக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. அந்த இரண்டு வரியை இன்று எழுதினேன்.

‘டெம்ப்1_ஹையஸ்ட்’ என்ற கோப்பில் 58000 இருக்கிறது. மின்சாரம் ஏறியதிலிருந்து எட்டிய உச்சம் அது. கணினியை அணைத்தால் அழிந்துவிடும். அக்காவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 13

2007 இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து, சூட்டுக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு எல்லாரும் நம்பியதைவிட மிகக் குறைவு என்று எழுதியதை இன்று மறுபடியும் படித்தேன். ஆறுதலாக இருந்தது. பிறகு, மிக அதிகச் சூட்டில் இயங்கும் பழைய வட்டுகளை அவர்கள் விதிவிலக்காகக் காட்டியிருந்த பகுதிக்கு வந்து சேர்ந்தேன். இந்த வட்டு அப்பா ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. படிக்க முடியாமல் காத்திருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை, 197 ஆம் பண்பு, முந்தாநாள் 312, இன்று 340. அந்த 28 துண்டும் அந்த இரவினால் போனவையா, எப்படியும் போகவிருந்தவையா என்பதைச் சொல்ல எந்தக் கோப்பும் இல்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கணினிக் கடைகள் உள்ள யுனிட்டி பிளாசா பூட்டியிருப்பதால் சிறு விசிறி வாங்க வழியில்லை. மேசை விசிறியின் முன்கூட்டைக் கழற்றிவிட்டுக் கணினியின் வாய்க்கு நேரே வைத்தேன். 49 இலிருந்து 41. கீழ்வீட்டு மாமி பலகாரம் கொண்டுவந்தவர், விசிறியைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு வேர்க்கேல்லையோ?” என்று கேட்டார்.

ஏப்ரல் 16

40 பாகை. நூற்றுக்கு 98.9 எடுத்தாயிற்று. இப்போது கெட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டும் கட்டம். ஒரு மணித்தியாலத்தில் சில மெகாபைட்டுகள். வட்டு டிக், டிக் என்று இரண்டு முறை தட்டி, சற்று நின்று, மறுபடி தட்டுகிறது. அந்த ஒலிக்கு எந்த உணரியும் இல்லை.

ஏப்ரல் 17

பதிவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் 27.8 இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இல்லை. 41.

ஏப்ரல் 19

99.31. நேற்றிலிருந்து நகரவில்லை. 39 பாகை. அக்கா இணைப்பிலேயே இருக்கிறாள், அங்கே விடியப்போகிறது. நகலை ஏற்றிப் பார்க்கட்டுமா, இன்னும் ஓர் இரவு சுரண்டவிடட்டுமா என்று கேட்டேன்.