சோழர் வென்ற துறைமுகங்களும் கொட்டியாரக்குடாவும்

திருக்கோணமலையில் சோழரைப் பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் கோணேசர் கோயிலோடும் மன்னரின் வீரத்தோடும் நின்றுவிடுகிறது. அவர்கள் வென்ற இடங்களைக் கடல் வரைபடத்தில் குறித்துப் பார்ப்பவருக்கோ, அப்படையெடுப்புகளின் பின்னால் வணிகரின் தேவை தெளிவாகவே தெரியும். முதலாம் இராசராசனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு முன்னுரையான மெய்க்கீர்த்தி, சேரர் கரையிலிருந்த காந்தளூர்ச்சாலையில் கலமறுத்ததில் தொடங்கி, மாலைதீவைக் குறிக்கும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' வரை செல்கிறது. சேரர் கரை, ஈழம், மாலைதீவு ஆகிய மூன்றும் அரபு வணிகர் கிழக்கே வரும் வழியில் இருந்தவை. ஈழத்தின் மேற்குக் கரையில் அவ்வணிகத்தின் பெருந்துறையாக விளங்கிய மாதோட்டம் சோழராட்சியில் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது.

அநுராதபுரத்தை வீழ்த்திய பின்னர் சோழர் பொலன்னறுவையைத் தலைநகராகக் கொண்டது ஈழத்தின் தென்பகுதியான உறுகுணையின் எதிர்ப்பைக் கண்காணிப்பதற்காகவே என்பர். அது சரியே, ஆனால் அவ்வளவுதானா? பொலன்னறுவைக்கு அருகே ஓடும் மகாவலி கங்கை திருக்கோணமலையை ஒட்டிய கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. சோழமண்டலக் கரையின் திறந்த துறைகளில் வாடைக்காற்றுக் காலத்தில் கப்பல்களை நிறுத்துவது ஆபத்தாக இருக்க, இங்கே மலைகள் அணைத்த ஆழமான துறைமுகம் இருந்தது. கந்தளாயிலும் பதவியாவிலும் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளும், இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்ற வெல்கம் விகாரை என்னும் பௌத்தப் பள்ளியும், இந்தப் பின்னிலத்தில் சோழராட்சி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகின்றன. (அந்த விகாரைக்குத் தானம் அளித்தவர்களில் தமிழ்ப் பௌத்தர்களும் இருந்தனர் என்பதை இன்று சிங்களவர், தமிழர் ஆகிய இரு தரப்பாரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.)

1025ஆம் ஆண்டளவில் இராசராசனின் மகன் இராசேந்திரன் மலாய்த் தீபகற்பத்திலுள்ள கடாரத்தின் மீது நடத்திய கடற்படையெடுப்பில் இந்த வணிக நோக்கம் இன்னும் வெளிப்படையானது. அவனது மெய்க்கீர்த்தி சொல்லும் ஸ்ரீவிசயம் (சுமாத்திரா), கடாரம், இலாமுரிதேசம் (வட சுமாத்திரா), மாநக்கவாரம் (நிக்கோபார்) ஆகியவை மலாக்கா நீரிணையின் வழியிலும் வாயிலிலும் அமைந்தவை. சீனத்துக்குச் செல்லும் கலங்கள் ஸ்ரீவிசயத்தின் கண்ணில் படாமல் அவ்வழியே போவது அரிது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1015இல், சோழத் தூதுக்குழு சீன அரசவையை அடைந்திருந்தது. வென்ற அந்த நாடுகளைச் சோழர் நிலையாக ஆளவில்லை. நிலம் வேண்டியிருந்தால் அங்கே தங்கியிருப்பார்கள்.

1070ஆம் ஆண்டளவில் சிங்கள மன்னன் விசயபாகுவிடம் பொலன்னறுவை கைமாறியது. ஆனாலும் வணிக நாட்டம் குறையவில்லை: ஈழத்தை இழந்த முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான்; அவன் காலத்திலேயே, 1077இல், மற்றொரு சோழத் தூதுக்குழு சீனத்துக்குச் சென்றது.