ஒரு ஆர் எழுத்து

மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு பழைய மாணவர் சங்கத்துல இருந்து மெசேஜ் வந்தப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தப் பாறைதான். 1994 டிசம்பர், ஃபைனல் இயர் பாட்டனி, திண்டுக்கல் தாண்டி ஒரு மொட்டைக் குன்றுக்கு ஃபீல்டு ட்ரிப் போனோமே, நம்ம பேட்ச்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கோ தெரியல.

மழை விட்டு பத்து நாள் இருக்கும். பாறை இடுக்குல சாம்பல் கலர்ல பழைய பிரஷ் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு, நான் காய்ஞ்ச பாசின்னு நெனச்சு தாண்டிப் போயிட்டேன், மேடம்தான் கூப்பிட்டு உட்கார வெச்சு வாட்டர் பாட்டில்ல இருந்து கொஞ்சம் தண்ணி ஊத்தினாங்க. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சு தின்னு முடிச்சு வந்து பாக்குறோம், சுருண்டு கெடந்த கிளையெல்லாம் மெதுவா விரிஞ்சு பச்சையா நிக்குது. ஒவ்வொரு இலை நுனியிலயும் வெள்ளையா ஒரு முடி. தள்ளி இருந்து பாத்தா சாம்பல் கலரா தெரிஞ்சதுக்கு அந்த முடிதான் காரணம்.

லேப்ல நாம வெட்டிப் பாத்த செலாஜினெல்லாவுக்கு (விதை இல்லாம ஸ்போர்ங்கிற துகளால பரவுற சின்னச் செடி வகை) ரெண்டு சைஸ்ல இலை இருக்கும், பக்கத்துக்கு ஒரு வரிசை பெருசு, மேல ரெண்டு வரிசை சின்னது. இதுல எல்லா இலையும் ஒரே மாதிரி, தண்டைச் சுத்தி சுத்தி. அதனால இது செலாஜினெல்லாவே இல்லன்னு நான் அடிச்சுச் சொன்னேன். மேடம் ஒண்ணும் சொல்லல, உள்ளங்கை அளவு மட்டும் எடுத்து நியூஸ்பேப்பர்ல வெச்சு பிரெஸ் பண்ணச் சொன்னாங்க.

மறுநாள் லேப்ல ஒரு இலையைப் பிச்சு மைக்ராஸ்கோப்ல வெச்சப்ப அடியில உள்பக்கமா குட்டி நாக்கு மாதிரி லிக்யூல் தெரிஞ்சுது. கிளை நுனியில நாலு பட்டையா இருந்த கதிரை ஊசியால பிரிச்சா, ஒரு பைக்குள்ள நாலு பெரிய ஸ்போர், இன்னொரு பைக்குள்ள மாவு மாதிரி பொடி ஸ்போர். இப்படிக் கிளை விட்டு நுனியில கதிர் வைக்கிற செடியில லிக்யூலும் ரெண்டு வகை ஸ்போரும் சேந்து இருந்தா செலாஜினெல்லாதான், இலை எப்படி இருந்தா என்ன. நாலு உருண்டையையும் நானே எண்ணினேன், அந்த சந்தோஷம் இன்னைக்கும் விரல்ல இருக்கு.

சரி, எந்த இனம்? பழைய புக்குல பாத்து ரூபெஸ்ட்ரிஸ்னு எழுதிட்டுப் போனேன். மேடம் பீரோவத் தொறந்து, ஆல்ஸ்டன் 1945-ல இந்திய செலாஜினெல்லாவை எல்லாம் பட்டியல் போட்ட கட்டுரையோட ஜெராக்ஸை எடுத்து மேசையில வெச்சாங்க. லின்னேயஸ் 1753-ல பேர் வெச்ச ரூபெஸ்ட்ரிஸ் வட அமெரிக்காச் செடி, பாறையில முள்முடியோட எது முளைச்சாலும் ரொம்ப காலம் அந்தப் பேரையே ஒட்டிட்டு இருந்தாங்க, 1900-ல ஜெர்மனிக்காரர் ஹைரோனிமஸ் உக்காந்து இலை ஓரத்து மயிர், நுனி முடியோட நீளம்னு ஒவ்வொண்ணா பாத்து தனித்தனி இனமா பிரிச்சார், அதுல நம்ம பக்கத்துச் செடிக்கு கெடச்ச பேர்தான் செலாஜினெல்லா வைட்டியை. 2016-ல வந்த வகைப்பாட்டுல கூட இந்த முள்முடிக் கூட்டத்தை ரூபெஸ்ட்ரேன்னு தனி துணைப்பேரினமாதான் வெச்சிருக்காங்க.

வைட்னா ராபர்ட் வைட், கம்பெனி காலத்துல மெட்ராஸுக்கு டாக்டரா வந்த ஸ்காட்லாந்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல தென்னிந்தியச் செடிகளைச் சேத்தார். அவருக்குப் படம் வரைஞ்ச ரங்கையா, கோவிந்து ரெண்டு பேரையும் நாம இன்னும் நல்லா கொண்டாடணும், அந்தப் படங்களைப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

இங்கிலாந்து வந்து ரெடிங்ல வீடு எடுத்த பிறகுதான் தெரிஞ்சுது, வைட் 1872-ல காலமானது பக்கத்துல இருக்கிற கிரேஸ்லியில. ஒரு ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல அந்தப் பக்கம் போயிட்டு வந்து அவரைப் பத்தி படிக்கிறப்ப, அவர் பேரோட ஸ்பெல்லிங்கைப் (Wight) பாத்து கை நின்னுடுச்சு. அதுல ஆர் எழுத்து இல்ல. அன்னைக்கு மேடம் எழுதிக் குடுத்த துண்டுச் சீட்டைப் பாத்து, காய்ஞ்ச செடியை ஒட்டி வெக்கிற ஹெர்பேரியம் ஷீட்டுக்கு லேபிளை நான்தான் கருப்பு மையில அழகா எழுதி ஒட்டினேன், ரைட்டியைன்னு (wrightii), ஒரு ஆர் சேத்து. அந்தப் பேர்லயும் ஒரு செடி நெஜமாவே இருக்கு, அதே ஹைரோனிமஸ் அதே 1900-ல சார்லஸ் ரைட்ங்கிற அமெரிக்கச் செடி சேகரிப்பாளர் பேர்ல வெச்சது, டெக்சாஸ், மெக்சிகோ பக்கம் வளருது. என் லேபிளை நம்புறவங்களுக்கு டெக்சாஸ் செடி திண்டுக்கல்ல முளைச்சதா ஆயிடும்.

ஊர்ல இருக்கிற யாராவது டிபார்ட்மென்ட் பக்கம் போனா ஹெர்பேரியம் பீரோவுல அந்த ஷீட்டைத் தேடிப் பாருங்க. என் லேபிளைக் கிழிக்காதீங்க, மேல எழுதவும் வேண்டாம். பக்கத்துல ஒரு சின்னச் சீட்டுல சரியான பேர், பாத்தவர் பேர், தேதி எழுதி ஒட்டுங்க. முதல்ல லென்ஸ் வெச்சு அந்த வெள்ளை முடி இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கங்க.