சக்குபந்தியில் நின்ற பெயர்

என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், பிள்ளை இல்லாமல் இளவயதிலேயே இறந்துபோனார் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் ஒரே சீராகக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஒரு கிராமத்துக் குடியானவரின் வாழ்க்கை எங்காவது எழுத்தில் இருக்கிறதென்றால், பெரும்பாலும் அது அவர் தீர்வை கட்டிய நிலத்தின் கணக்கில்தான் இருக்கும். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடைமுறையில் இருந்த ரயத்துவாரி முறையில், இடைத்தரகராக ஜமீன்தார் இல்லாமல் அரசு ஒவ்வொரு பட்டாதாரரிடமும் நேரடியாக வரி வாங்கியதால், ஒவ்வொரு பட்டாதாரரின் பெயரையும் எழுதி வைக்க வேண்டிய தேவை அதற்கு இருந்தது. அந்தத் தேவைக்கு நான் நன்றி சொல்கிறேன்.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கித்தான் நடத்த வேண்டும். இப்போதைய சிட்டாவில் உள்ள புல எண்ணை எடுத்துக்கொண்டு, 1980களில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் கணக்குக்குப் போய், அதில் பழைய புல எண் எதுவென்று பார்த்து, அங்கிருந்து, ஆங்கிலேயர் காலத்தில் நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்த செட்டில்மென்ட் பதிவேட்டுக்குப் போனேன். யு.டி.ஆரில் எங்கள் தாத்தாவின் தகப்பனார் பெயரையே தவறாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு பிழையால் நான்கு மாதம் வேறொரு குடும்பத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். பெயரை நம்பாதீர்கள், புல எண்ணையும் பரப்பையும் நம்புங்கள் என்றே இதில் இறங்குகிறவர்களுக்குச் சொல்வேன். ஏக்கர் சென்ட் கணக்கு ஹெக்டேர் ஏர்ஸ் ஆக மாறியிருந்தாலும், ஒரு ஹெக்டேருக்கு 2.47 ஏக்கர் என்று போட்டுப் பார்த்தால் பழைய பரப்பு ஏறக்குறையப் பிடிபட்டுவிடும்.

முன்னோர் இனாம் நிலம், அதாவது வரியில்லாமலோ குறைந்த வரியிலோ மானியமாகக் கிடைத்த நிலம், வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில், அனுபவத்தில் இருந்தவரின் பெயரும் வயதும் மட்டுமல்லாமல், முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதும் எழுதப்பட்டிருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். எங்களுடையது சாதாரண ரயத்துவாரிப் புஞ்சை என்பதால் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பட்டாக் கணக்கு பெயரைத்தான் சொல்லும். உறவைச் சொல்வது பத்திரம். ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, நான் தேடியபோது இணையத்தில் 1975இலிருந்துதான் கிடைத்தது, அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அங்கும் எல்லாம் கிடைத்துவிடாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைக் கட்டாயம் பதிய வேண்டியதில்லை. அந்தக் காலத்து நூறு ரூபாய்க்குள் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் நிலம் முழுவதும் அடங்கிவிட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய பத்திரத்தின் நடை முதலில் மிரட்டும். பழகிவிட்டால் ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவு. ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட’ என்றிருந்தால் நிலம் தகப்பன்வழி வந்தது, இன்னும் ஒரு தலைமுறை மேலே ஏறலாம். ‘சுயார்ஜிதம்’ என்றிருந்தால் அவரே வாங்கியது, முந்தைய கிரயத்தைத் தேட வேண்டும். ‘மைனருக்குக் கார்டியனும் தாயாருமான’ என்று ஒரு பெண் வந்தால், அதற்குள் அவள் கணவன் இறந்துவிட்டான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், பக்கத்தில் பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டின் எண், இருக்கிறதா என்று பார்த்து, அதனோடு 590 கூட்டினால் அந்தப் பசலி எந்த ஆண்டு ஜூலையில் தொடங்கியது என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த பாகப்பிரிவினைப் பத்திரம் பிரஜோத்பத்தி வருடம் தை மாதம், பசலி 1341, அதாவது 1932 ஜனவரியில் எழுதப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜின் தலை அச்சிட்ட முத்திரைத்தாள், மடிப்பு விழுந்த இடமெல்லாம் துணிபோல் நைந்திருந்தது. கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த சேதி. மூன்றாம் பக்கத்தில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார்: காலஞ்சென்ற மூத்த சகோதரரின் மனைவி. கூட்டுக் குடும்பத்தில் மகனில்லாமல் இறந்தவருடைய பங்கு உடன்பிறந்தவர்களையே சேர்ந்த காலம் அது. விதவைக்குச் சொத்தில் உரிமை தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் அவருக்கு ஜீவனாம்சமாகப் புஞ்சை 60 சென்ட் விட்டு, ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது, பராதீனம் செய்ய பாத்தியமில்லை’ என்று எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அவருடைய கைநாட்டு. ரேகை தெளிவாக விழவில்லை, நடுவில் மை திட்டாகப் படிந்திருந்தது. அதைச் சுற்றிப் பத்திரம் எழுதியவர் தன் நேர்த்தியான கையெழுத்தில் அவர் பெயரை எழுதியிருந்தார். எங்கள் குடும்பத்தில் யாருமே உச்சரித்துக் கேட்டிராத பெயர்.

அதன்பின் அவர் பெயரில் எந்தப் பத்திரமும் இல்லை. விற்க உரிமையில்லாதவர் பத்திரம் எழுத வாய்ப்பும் இல்லை. அப்போதுதான் பக்கத்து நிலக்காரர்களின் பத்திரங்களை வாங்கிப் படிக்கத் தோன்றியது. ஒருவரின் நிலம் இன்னொருவரின் எல்லை அல்லவா? 1941இல் அடுத்த நிலத்தை விற்றவருடைய பத்திரத்தின் சக்குபந்தியில், அதாவது நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் பகுதியில், ‘இன்னார் விதவை புஞ்சைக்கு வடக்கு’ என்று இருந்தது. 1948இல் எழுதிய அடமானத்திலும் அதே சொற்கள். 1953இல் அதே நிலம் மறுபடி கைமாறியபோது, தெற்கு எல்லையில் என் தாத்தாவின் பெயர் வந்துவிட்டது. பழைய பத்திரத்தைப் பார்த்து எல்லையை அப்படியே எழுதிவிடுகிற வழக்கமும் உண்டு என்பதால் 1948ஐ நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் 1953க்குள் அவர் காலமாகியிருக்க வேண்டும் என்பது உறுதி.

இதை அத்தையிடம் சொன்னபோது, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தத் தெற்குப் புஞ்சையைத் தாத்தா எப்போதும் பெரியாத்தா கொல்லை என்றுதான் சொல்வார், யார் அந்தப் பெரியாத்தா என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை என்றார்.