கிடா வெட்டிய அத்தியாயம்

சில வருடங்களுக்கு முன் ஒரு மொபைல் கேம் ஸ்டூடியோவில் பிளேயர்களின் ரிவ்யூக்களைப் படித்துப் பதில் போடும் வேலையில் இருந்தேன். எங்கள் கேம் ஒரு கிராமத்துக் கதை. முதல் மூன்று அத்தியாயங்களில் பிளேயர் ஒரு கிடாக்குட்டியை வளர்ப்பார். பெயர் வைப்பார், தழை ஒடித்துப் போடுவார். நான்காவதில் ஊர்த் திருவிழா. திரை இருண்டு, மேளச் சத்தம் ஓங்கி அடங்கும். அடுத்த காட்சியில் தொழுவத்தில் கயிறு மட்டும் கிடக்கும். ஒரு சொட்டு ரத்தம்கூடக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அப்டேட் போனது. அன்று ராத்திரியே ஒரு ஸ்டார் ரிவ்யூக்கள் கொட்ட ஆரம்பித்தன. மேலதிகாரி போனில், "முதல்ல அந்த ஆட்டைக் காப்பாத்துங்கப்பா, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பேட்ச், அதாவது திருத்திய அப்டேட். கிடா கழுத்தில் மாலையோடு பத்திரமாக வீடு திரும்பியது. திங்கட்கிழமை வேறொரு கூட்டம் ஒரு ஸ்டார் போட்டது: எங்கள் சாமிக்குப் படைப்பது உங்களுக்கு அசிங்கமா? கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதற்கு இருந்த தடையை 2003-ல் கறாராக அமல்படுத்தச் சொன்ன தமிழக அரசே அடுத்த வருடம் அதை விலக்கிக்கொண்டது. நாங்கள் இரண்டே நாளில் அந்தக் கூத்தை முடித்திருந்தோம், தலைகீழாக.

அந்த வாரம் ஸ்டார்களை மறந்துவிட்டு ரிவ்யூக்களை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: "வெட்டினதுகூடப் பரவாயில்லை. என் கிடா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அதைப் படித்த பிறகு பார்த்தால், 'மிருகவதை' என்று திட்டியவர்களில் பாதிப் பேர் வேறு வார்த்தைகளில் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

மாஸ் எஃபெக்ட் 3 என்ற விண்வெளி கேமின் முடிவு 2012-ல் கிளப்பிய கோபம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று பாகங்களாக நாம் எடுத்த முடிவுகளையெல்லாம் சுமந்து வந்த கதை, கடைசியில் மூன்று வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெடிப்பின் நிறம்தான் பெரிதாக மாறியது. ரசிகர்கள் காசு சேர்த்து, அதை உருவாக்கிய, கனடாவில் இருக்கும் பயோவேர் ஸ்டூடியோவுக்குச் சுமார் 400 கப்கேக்குகள் அனுப்பினார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறம். கடித்தால் எல்லாம் ஒரே வெனிலா. இதைவிடத் தெளிவான ரிவ்யூவை நான் படித்ததில்லை. அந்த வருடம் ஜூனில் பயோவேர் இலவசமாக வெளியிட்ட விரிவாக்கம் அந்த முடிவுகளைத் தூக்கவில்லை. பிளேயரின் தேர்வுகளால் யாருக்கு என்ன ஆயிற்று என்று காட்டியது. மூன்றும் வேண்டாம் என்று மறுக்கவும் ஒரு வழி வைத்தது. அதன் பிறகும் எல்லோரும் சமாதானமாகவில்லை, அது வேறு விஷயம்.

எல்லாக் கோபத்தையும் இப்படிக் கிண்டிப் பார்க்கத் தேவையில்லை. 2024-ல் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமை ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று அதை வெளியிட்ட சோனி சொன்னபோது எதிர்ப்பு ரிவ்யூக்கள் குவிந்தன. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளிலும் கேம் விற்கப்பட்டிருந்தது. இதில் கலையும் இல்லை, கருத்து வேறுபாடும் இல்லை. சில நாட்களில் சோனி பின்வாங்கியது, அதுதான் சரி. கேமின் கதை எழுதியவரின் வீட்டு விலாசத்தைத் தேடிப் பிடித்து மிரட்டுபவர்கள் தனி ரகம். அதை ரிவ்யூ கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

சரி, எங்கள் கிடா. கதை எழுதியவர் ஒரு மாதம் மல்லுக்கட்டி இன்னொரு பேட்சை வாங்கினார். இப்போது திருவிழாவன்று கயிறு பிளேயரின் கையில் இருக்கும். கூட்டிக்கொண்டு போகலாம், போகாமலும் இருக்கலாம். போகாவிட்டால் பங்காளிகள் இரண்டு அத்தியாயத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்றவர் ரிவ்யூவை மாற்றினாரா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றினார். மூன்று ஸ்டார். குட்டி ரொம்ப சீக்கிரம் வளர்ந்துவிடுகிறதாம்.