கடைசி வரி வரை படிக்கிற பிள்ளைகள்

சென்னையில் ஒரு கண் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையைப் பரிசோதிப்பவராக, வேலை பார்க்கிறேன். வருபவர்களில் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், "தாத்தாவுக்குத் துணைக்கு வந்தியா?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடலில் இன்சுலின் சுரக்காத வகை, உள்ள பிள்ளைகள் அவர்கள். சர்க்கரை விழித்திரையைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள்.

எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிடுவார்கள். அம்மாவின் முகம் தெளிந்துவிடும். "பார்வை நல்லாத்தானே இருக்கு மேடம், அப்புறம் எதுக்குச் சொட்டு மருந்து? சாயங்காலம் டியூஷன் இருக்கு." நியாயமான கேள்விதான். விழித்திரையைப் பார்க்க வசதியாகக் கண்மணியை விரிக்கும் அந்த மருந்தை விட்டால் சில மணி நேரத்துக்குப் புத்தக எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். ஆனால் விழித்திரையின் மையம் பாதிக்கப்படாத வரை பார்வை பெரும்பாலும் குறையாது. வலியும் இருக்காது. ரத்தக்குழாய்கள் மட்டும் சத்தமில்லாமல் புடைத்துக் கசிய ஆரம்பித்திருக்கும்.

பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி. விழித்திரைப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ஆரஞ்சு நிறப் பரப்பில், மையத்திலிருந்து தள்ளி, ஊசியால் குத்தினாற்போல் இரண்டு சிவப்புப் புள்ளிகள், ரத்தக்குழாய் புடைத்த இடங்கள். "பாத்தியா, இனிமே சாக்லேட்டைத் தொட்டா கண்ணு போயிடும்" என்றார் அம்மா. அவரை மெதுவாகத் தடுத்தேன். இப்படிப் பயமுறுத்தப்பட்ட பிள்ளைகள் சுகர் நோட்டில் பொய் எண்களை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் பருவ வயதில் ஹார்மோன்களே இன்சுலினை மந்தமாக்கும். சுகர் ஏறுவதெல்லாம் பிள்ளையின் குற்றமில்லை.

"இந்தப் புள்ளி போயிடுமா அக்கா?" என்று அவள் கேட்டாள். சுகர் கட்டுக்குள் இருந்தால் மறையவும் செய்யும் என்றேன். 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பற்றியும் சொன்னேன். 13 முதல் 39 வயது வரை உள்ள டைப் 1 நோயாளிகள் அதில் இருந்தார்கள். தொடக்கத்தில் விழித்திரை பாதிப்பு இல்லாதவர்களில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அது வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அவள் செல்போனில் திரையைப் படமெடுத்துக்கொண்டாள்.

எப்போது காட்ட வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். டைப் 1 என்றால், நோய் வந்து 3 முதல் 5 ஆண்டுகளில், பிள்ளைக்கு 11 வயது ஆகியிருந்தாலோ பருவமடையத் தொடங்கியிருந்தாலோ முதல் பரிசோதனை. டைப் 2, அதாவது உடல் இன்சுலினைச் சரியாகப் பயன்படுத்தாத வகை, என்றால் நோய் தெரிந்த உடனேயே, பிறகு வருடந்தோறும். இப்போது பள்ளி வயதிலேயே டைப் 2 வருகிறது, அது பல ஆண்டுகள் தெரியாமலே இருந்திருக்கலாம் என்பதால்தான் இந்த அவசரம். செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்களுக்கு, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்று. சுகர் ரொம்ப ஏறினாலோ, சிகிச்சை தொடங்கி வேகமாக இறங்கினாலோ கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பவர் மாறிப் பார்வை மங்கும். அந்த நேரத்தில் கண்ணாடிக் கடைக்கு ஓட வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள், சுகர் சில வாரம் நிலையாக இருந்த பிறகு பவர் பார்த்துக்கொள்ளலாம்.