நுங்கு வண்டி கோணாம ஓட

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ரோட்டோரத்துல நுங்கு சாப்பிட்டா, தோண்டின காயைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பிள்ளைங்க உருட்டி விளையாட வண்டி செய்யலாம். சக்கரத்துக்கு ஒரே அளவுல ரெண்டு காய் எடுத்துக்குங்க. ஒண்ணு சின்னதா இருந்தா வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், பிள்ளைக்குச் சலிச்சுப்போயிடும்.

அச்சுக்கு ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன்ல பூவரசங்குச்சி. ரெண்டு முனையையும் பெரியவங்களே சீவிக் கொடுங்க. வெட்டின முகம் வெளியே பார்க்கணும். குச்சியைக் காயோட பின்பக்கம், மூணு கண்ணுக்கும் நடு மையம் பார்த்துக் குத்தணும். வேலையே இதுலதான் இருக்கு. மையம் தப்பினா சக்கரம் நொண்டும். முத்தின காய்ல நார் இறுகியிருக்கும், குச்சி இறங்காது. முதல்ல ஆணியால துளை போட்டுக்குங்க. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி.

தள்ளுறதுக்குக் கவட்டைக் குச்சி, பிள்ளையோட நெஞ்சு உயரத்துக்கு. கவட்டை அச்சுமேல தளர்வா உட்காரணும். இறுக்கிக் கட்டிட்டா சக்கரம் உருளாது, தேய்ஞ்சுகிட்டே போகும்.

காய் வாடினதும் ஓட்டை தளரும். குச்சி முனையில துணி சுத்திச் செருகுங்க. நுங்குக் கறை லேசுல போகாது, பழைய சட்டை போட்டு விடுங்க பாவம், அப்புறம் திட்டாதீங்க.

குச்சி ஒடிச்ச பூவரசுலயே பீப்பீயும் இருக்கு. இலையை ஓரத்துலேருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதணும். முத்தல் இலை வேண்டாம், சுருட்டும்போதே கிழிஞ்சுடும்.